தங்கை வரைந்த ஆடு

அந்தப் படக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்கேல் என்பார்கள். வயதில் சின்னவர்கள் ஸ்கேலக்கா என்பார்கள். அவள் கை போட்ட கோடு அப்படி. தொடங்கிய இடத்தில் என்ன தடிமனோ, முடிகிற இடத்திலும் அதே தடிமன். நடுவில் ஒரு பிசிறு, ஒரு மைப்பொட்டு, மருந்துக்குக்கூடக் கிடையாது. கம்பெனிக்கு யாராவது பெரிய மனிதர்கள் வந்தால், இயக்குநர் அவர்களை நேராக மை அறைக்கு அழைத்து வந்து, அவளுக்குப் பின்னால் நிறுத்தி, "சத்தம் போடாமப் பாருங்க" என்பார். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆனால் காது இரண்டும் பின்னால்தான் இருக்கும்.

விலங்குக் கதைகளைச் சித்திரப் படமாக எடுக்கிற கம்பெனி அது. பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால் தியேட்டரில் ஓட்டுகிற எட்டு நிமிடத் துண்டுப் படங்கள். கர்வம் பிடித்த முயல், பேராசைக்கார நாய், சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்ட கழுதை என்று மாதம் ஒன்றாவது வெளியே போகும். அந்தத் தொழிலே அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. வரைந்த படம் நகர்கிறது என்பதையே ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த காலம்.

மாடியில் ஐந்து ஓவியர்கள் பென்சிலால் வரைவார்கள். முயல் ஒரு வினாடி ஓடுவதற்குப் பன்னிரண்டு தாள் வேண்டும். அந்தத் தாள்கள் கட்டுக் கட்டாகக் கீழே மை அறைக்கு இறங்கும். அங்கே எட்டுப் பெண்கள் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜைகளில் உட்கார்ந்திருப்பார்கள். பென்சில் தாளின் மேல் கண்ணாடி மாதிரித் தெளிவான செல்லுலாய்டு ஷீட்டை வைத்து, கோட்டின் மேலேயே மைப்பேனாவால் கோடு போட வேண்டும். அடுத்த அறையில் ஷீட்டின் பின்புறம் வர்ணம் பூசுவார்கள். கேமராக்காரர் ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிப்பார். அவ்வளவுதான் ரகசியம்.

ஸ்கேலுக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலையில் சேர்ந்து ஏழு வருஷம். நான்காவது வருஷத்தில் ஒருநாள், துணிச்சலை வரவழைத்துக்கொண்டு இயக்குநரிடம் போய், "எனக்கும் மாடியில வரையணும்னு ஆசை சார்" என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர். யோசித்துத்தான் பதில் சொன்னார். "உன் கை கீழ இருக்கிறதுதாம்மா எனக்குப் பலம். நீ மேல வந்துட்டா மேல இருக்கிற அஞ்சு பேரும் ஒண்ணுமில்லாமப் போயிடுவாங்க." அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுத்துவிட்டார் என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அவளுக்கு ஒரு தங்கை. ஆறு வயது இளையவள். அப்பா இல்லாத வீடு. அம்மா தையல் மிஷினை மிதித்து இரண்டு பேரையும் வளர்த்தாள். சின்னவள் வாயாடி. கை சும்மா இருக்காது. ஒன்று எதையாவது உடைக்கும், இல்லையென்றால் எதையாவது கிறுக்கும். பொத்தான் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் முழுக்க வாடிக்கையாளர்களை வரைந்து வைத்திருந்தாள். அதில் முதலாளியின் மனைவியும் இருந்தாள், மூன்று தாடையோடு. அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள்.

"உன் கம்பெனியில சேர்த்துவிடேண்டி" என்று அம்மா பெரியவளைப் பிடித்துக்கொண்டாள். "உன் கண் பார்வையில இருந்தா ஒழுங்கா இருப்பா."

பெரியவள் பேசிச் சேர்த்தும்விட்டாள். ஆனால் மை வேலைக்கும் சின்னவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் தொட்ட ஷீட்டில் முயலுக்கு மீசை வந்தது, ஆமை முதுகில் மைக்குளம் தேங்கியது. பத்தாவது நாள் அறைப் பொறுப்பாளர் அம்மாள் ஸ்கேலைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் தங்கச்சின்னு பார்க்கிறேன். ஆனா இது தேறாது போலிருக்கே" என்று இழுத்தாள். ஸ்கேல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தலையாட்டினாள். உள்ளே ஏதோ ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அது ஏன் என்று அவள் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் வீணான தாள்களை ஒரு கட்டாகச் சேர்த்து, ஓரத்தில் ஒரு வாத்தை வரைந்தாள். கட்டைவிரலால் புரட்டினால் வாத்து படி இறங்கும். கடைசிப் படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்துத் தடுமாறும். பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நிமிர்ந்து நடக்கும். மை அறைப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் கேட்டு இயக்குநர் எட்டிப் பார்த்தார். கட்டை வாங்கி நான்கு முறை புரட்டினார். அவர் சிரிக்கவில்லை. கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் சின்னவளுக்கு மாடியில் மேஜை போட்டாகிவிட்டது.

ஏழு வருஷம் எங்கே, பத்து நாள் எங்கே. ஸ்கேல் அன்று வீட்டுக்குப் போய், "மாடிக்கு மாத்திட்டாங்கம்மா இவள" என்று அவளே அம்மாவிடம் சொன்னாள். சின்னவள் வாயால் சொல்லிக் கேட்கிற வேதனையாவது மிச்சமாகட்டும் என்று நினைத்தாள். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து சின்னவளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிள்ளினாள். பிறகு பெரியவளிடம் திரும்பி, "எல்லாம் உன்னாலதாண்டி" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் படாதது எதுவுமில்லை. மாடி நாற்காலிகளுக்கு முதுகு உண்டு, கீழே முக்காலிதான். மாடிக்குத் தேநீர் தட்டில் வைத்துப் போகும், கீழே இருப்பவர்கள் எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும். மாடியில் வரைய நீலப் பென்சில், கீழே வெறும் மைப்பேனா. மாடியில் சத்தமாகச் சிரிக்கலாம். இதெல்லாம் ஏழு வருஷமாக அங்கேதான் இருந்தது. இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து கண்ணை உறுத்தியது.

வீட்டிலோ அதைவிட மோசம். சின்னவள் பஸ்ஸில் ஏறியதிலிருந்து படுக்கிற வரை மாடிப் புராணம். "அக்கா, இன்னிக்கு அந்த மொட்டைத்தலை ஓவியர் தவளை மாதிரி மேஜை மேல ஏறி உக்காந்து காட்டினார்க்கா." ஸ்கேல் ஒப்புக்கு ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அம்மா நிஜமாகச் சிரிப்பாள். அம்மாவின் சிரிப்புத்தான் தாங்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆடு வந்தது.

கிணற்றில் விழுந்த நரி, மேலே வந்து எட்டிப் பார்க்கிற ஆட்டிடம் தண்ணீர் தேனாய் இருக்கிறது என்று ஆசை காட்டி, அதைக் குதிக்க வைத்து, அதன் கொம்பில் காலை வைத்து ஏறித் தான் தப்பித்துவிடுகிற கதை. நரியை மூத்த ஓவியர் வரைந்தார். ஆடு கிணற்றுமேட்டில் நின்று குதிக்கலாமா வேண்டாமா என்று தவிக்கிற நாற்பது வினாடியைச் சின்னவளிடம் கொடுத்தார் இயக்குநர். மொத்தப் படமும் அந்த நாற்பது வினாடியில்தான் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

சின்னவள் மூன்று வாரம் ஆடாகவே இருந்தாள். வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் குனிந்து நின்று, முழங்காலை மடக்கி, நீட்டி, பின்வாங்கி.

"என்னடி இது, கால் வலியா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆடும்மா. குதிக்கப் பார்க்குது."

"குதிச்சுத் தொலைக்கச் சொல்லு. எனக்கு வீடு பெருக்கணும்."

பென்சில் கட்டு கீழே இறங்கியபோது, பொறுப்பாளர் அம்மாள் அதை நேராக ஸ்கேலின் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். "தங்கச்சி வேலை அக்கா கைக்குத்தான் வரணும். வேற யார்கிட்டயும் கொடுக்க எனக்கு மனசு வரல." நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். நானூற்று எண்பது தாள். தங்கை போட்ட கோட்டின் மேல் அக்கா கோடு போட வேண்டும்.

ஸ்கேல் முதலில் கட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். ஆடு மேட்டுக்கு வந்தது. எட்டிப் பார்த்தது. முன்னங்கால் ஒன்று தானாக நீண்டது, அது தன் கால்தானா என்பதுபோல ஆடு அதையே பார்த்தது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. வால் படபடத்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பி, தண்ணீரில் தனக்கு அக்கறையே இல்லை என்பதுபோல நின்றது. கால் மட்டும் மறுபடி நீண்டது. ஸ்கேலின் தொண்டை வரை சிரிப்பு வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள்.

மோசமாக வரைந்திருந்தால் பிரச்சினையே இல்லை. மோசமானதைப் பார்த்து யார் வயிறெரியப் போகிறார்கள்?

முதல் பத்துத் தாள் ஒழுங்காகத்தான் போட்டாள். பதினொன்றாவதில் ஆட்டின் முழங்கால் கொஞ்சம் வெளிப்புறமாகக் கோணியிருந்தது. அதை நேராக்கினாள். கோணலைக் கண்டால் கை பொறுக்காது, அது அவள் சுபாவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினைந்தில் ஒரு கொம்பு மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது, சமமாக்கினாள். முதுகுக்கோடு தாளுக்குத் தாள் ஒரு மயிரிழை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். இரண்டாம் நாளுக்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது, தான் செய்வது திருத்தம் இல்லை என்று. தெரிந்தும் கை நிற்கவில்லை. நிற்கவில்லை என்ன, அவ்வளவு அழகாக அவள் எந்தக் காலத்திலும் கோடு போட்டதில்லை. பொறுப்பாளர் அம்மாள் ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அச்சு வார்த்த மாதிரி இருக்குடி" என்று மூக்கில் விரலை வைத்தாள்.

முடித்ததும் படம் பிடித்து, பிலிமைக் கழுவி, ஒரு மாதம் கழித்துக் கம்பெனியின் சின்னத் திரையரங்கில் ஓட்டினார்கள். மாடி ஆட்கள் முன் வரிசையில், மை அறைப் பெண்கள் பின்னால் பெஞ்சுகளில். நரி கிணற்றில் விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நரி மேலே பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டியபோது சிரித்தார்கள். ஆடு வந்தது. வந்து நின்றது. கால் நீண்டது, மடங்கியது, நீண்டது, மடங்கியது. கதவுத் தாழ்ப்பாள் போட்டுத் திறக்கிற மாதிரி இருந்தது. நாற்பது வினாடியும் ஒரு சிரிப்பு இல்லை. யாரோ இருமினார்கள். புரொஜக்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

விளக்கைப் போட்டதும் இயக்குநர் எழுந்து நின்றார். "ஆடு எங்கய்யா போச்சு? இங்க ஆட்டுப் பொம்மையில்ல வந்து நிக்குது?"

"கேமராவில ஒரு குறையும் இல்ல சார்" என்றார் கேமராக்காரர், கேட்பதற்கு முன்பே.

"கையில புரட்டும்போது நல்லா இருந்தது. கையில புரட்டினா எல்லாமே உயிரோட இருக்கிற மாதிரித்தான் தெரியும். திரைக்கு வந்தாத்தான் சங்கதி தெரியுது." இயக்குநர் சின்னவளைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "உன் தப்பில்லம்மா. சின்னப் பொண்ணுகிட்ட இவ்வளவு பெரிய இடத்தைக் கொடுத்தது என் தப்பு. வேற ஆளை வச்சுப் பார்த்துக்கிறேன்."

சின்னவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பின் பெஞ்சில் ஸ்கேலின் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அன்று பஸ்ஸில் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அவள் தோளில் கையைப் போட்டு, "விடுடி, எடுத்த எடுப்பிலேயே எல்லாருக்கும் வந்துடுமா? போகப் போகக் கத்துக்குவே" என்றாள். தலையைத் தடவிக் கொடுத்தாள். ஆறுதல் சொல்வதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இறங்க வேண்டிய ஸ்டாப்பிங் வந்தபோது, இன்னும் கொஞ்சம் தூரம் போனால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

நான்கு நாள் அந்த ருசி இருந்தது. சின்னவள் பென்சிலைத் தொடவில்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தாள். மறுபடி பொத்தான் கடையில் கேட்டுப் பார்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா பெரியவளைத் தனியாக இழுத்து, "என்னடி ஆச்சு இவளுக்கு? நீ கொஞ்சம் சொல்லக்கூடாதா?" என்று கண் கலங்கினாள். பெரியவள், "சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் மதியம் மை அறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்கேல் மட்டும் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒரு கட்டோடு வந்து எதிரில் நின்றாள். வேலையை விட்டு நின்றுவிடலாம் என்று முடிவுசெய்து, தன் பென்சில் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போகச் சாமான் அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே ஷீட்டுகளும் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. எதற்கென்றில்லாமல் ஒன்றை எடுத்துத் தன் தாளின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, விளக்கைப் போடு."

ஸ்கேல் மேஜை விளக்கைப் போட்டாள். சின்னவள் தாளை வைத்து, அதன் மேல் ஷீட்டை வைத்தாள். பென்சில் கால் ஒரு பக்கம், மைக் கால் ஒரு பக்கம் நின்றது.

"முட்டி நேரா இருக்கு."

"கோணலா இருந்துச்சு. நேராக்கினேன். அதுதானே என் வேலை."

சின்னவள் இன்னொன்று வைத்தாள். இன்னொன்று. கொம்பு, முதுகு, வால். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள்.

"நானூத்தி எம்பதுலயுமா?"

ஸ்கேல் துடைத்த பேனா முள்ளையே மறுபடி துடைத்தாள்.

"அது கோணல் இல்லக்கா. அதுக்குப் பயம். குதிக்கணும்னும் இருக்கு, ஓடிப்போயிடணும்னும் இருக்கு. அதான் அந்த முட்டி..."

"தெரியும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஸ்கேலுக்குப் புரிந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் கையும் களவுமாகத் தன்னைத்தானே பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். திட்டவில்லை. தாள்களை ஓரம் தட்டி அடுக்கினாள். நூலால் கட்டினாள். போய்விட்டாள்.

அன்று வீட்டில் அம்மாவிடம் போட்டுக்கொடுப்பாள் என்று ஸ்கேல் காத்திருந்தாள். வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் சின்னவள் இயக்குநர் அறைக்குப் போனாள். என்ன பேசினாள் என்பது பதினோரு மணித் தேநீருக்குள் கீழே வந்துவிட்டது.

"பென்சிலை அழுத்திப் போடலையாம்" என்றாள் பொறுப்பாளர் அம்மாள். "கோடு மங்கலா இருந்ததால அக்காவுக்குச் சரியாத் தெரியல, என் தப்புத்தான் சார், இன்னொரு தடவை கொடுங்க, அழுத்திப் போட்டுத் தரேன்னு கேட்டிருக்கா. அவரும் சரின்னுட்டார். அவ நினைச்சா மை அறை மேல பழியைப் போட்டிருக்கலாமே! தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாளே!" ஸ்கேலின் தோளைத் தட்டினாள். "தங்கச்சி இல்லடி அவ, தங்கம்."

நல்லவேளை தப்பித்தோம் என்று வேறு யாராவது இருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஸ்கேலுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு எரிந்தது. கை இருக்கிறது அவளுக்கு. மாடி மேஜை இருக்கிறது. அம்மாவின் சிரிப்பு இருக்கிறது. இப்போது நல்ல குணமும் அவளுக்கேவா? எல்லாவற்றையும் அவளே வாரிக்கொண்டு போனால் எனக்கு என்னதான் மிச்சம்? காலம் பூராவும் அவள் மன்னித்த அக்காவாக நான் இருக்க வேண்டுமா?

கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மாடிப்படி ஏறினாள். கூப்பிடாமல் அவள் அந்தப் படியில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஓவியர்கள் ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இயக்குநர் சின்னவளின் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"பென்சில் அழுத்தமாத்தான் இருந்தது சார்" என்றாள் ஸ்கேல். "எனக்கு எல்லாக் கோடும் தெரிஞ்சது. தெரிஞ்சேதான் மாத்தினேன்."

"அக்கா, சும்மா இரு" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இருடி." இயக்குநரைப் பார்த்தாள். "ஆடு நல்லா இருந்தது. நான்தான் கொன்னேன்."

இயக்குநர் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். "ஏம்மா?" என்றார்.

"என்னைவிட நல்லா வரைஞ்சிருந்தா."

மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள் என்றுதான் அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மொட்டைத்தலை ஓவியர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அவளுக்குத்தான் தெரியும், மனசாட்சி அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. எந்தப் பொறாமை ஆட்டின் முழங்காலை நேராக்கியதோ அதே பொறாமைதான் அவளைப் பிடித்து மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனது.

இயக்குநர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. பின்கட்டில் இருந்த கழுவும் அறைக்கு மாற்றினார். பழைய ஷீட்டுகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கீறல் விழாமல் மெத்தென்ற துணியால் மையையும் வர்ணத்தையும் துடைத்தெடுத்து, மறுபடி உபயோகிக்கக் கொடியில் காயப்போடுகிற இடம். "அந்த நானூத்தி எம்பதையும் நீயே கழுவு" என்றார். ஸ்கேல் கழுவினாள். நேரான முழங்கால், சமமான கொம்பு, ஒரே மட்டமான முதுகு எல்லாம் பழுப்பு நிறமாகக் கரைந்து வாய்க்காலில் போயிற்று. நகக்கண் எல்லாம் வெடித்து, விரல் நுனி ஊறிச் சுருங்கியது. வீட்டில் அம்மா கையைப் பார்த்துக் கேட்டபோது, "வேலை மாத்திட்டாங்க" என்றாள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று இரண்டு பெண்களுக்கும் கடைசி வரை தெரியவில்லை.

அக்காவும் தங்கையும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். பேச்சு இல்லை.

மூன்று வாரம் கழித்துச் சின்னவள் கழுவும் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வந்தால் வழுக்கும் என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"ஆட்டுக்கு வேற ஆள் மை போட்டுப் பார்த்தாங்க. ரெண்டு பேர்."

"சரி."

"அவங்க கையே நடுங்குது. திரையில பார்த்தா எது ஆட்டு நடுக்கம், எது அவங்க நடுக்கம்னே தெரியல." நிறுத்தினாள். "நீதான் போடணும். சார்கிட்ட கேட்டுட்டேன்."

ஸ்கேல் துணியைப் பிழிந்தாள். "என் மேல நம்பிக்கை இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"பக்கத்துலயே முக்காலி போட்டு உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பேன்."

ஸ்கேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்குவதற்குள் வந்துவிட்டது. சின்னவள் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சொன்னபடியே பதினோரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போலீஸ்காரி மாதிரி உட்கார்ந்தாள் என்று மை அறைப் பெண்கள் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஸ்கேல் கோணல் முட்டியைக் கோணலாகவே போட்டாள். தாழ்ந்த கொம்பைத் தாழ்ந்தபடியே விட்டாள். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு கோட்டிலும் பேனா நேர்வழிக்கு இழுத்தது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்த மாதிரி கையைப் பிடித்து வளைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஏன் வயித்துக் கோடு இப்படித் தொங்குது?" என்று கேட்டாள்.

"மூச்சை விட்டுட்டுது. குதிக்க வேண்டாம்னு முடிவு பண்ணின இடம்."

"அடுத்ததுல மறுபடி ஏறுதே?"

"மனசு மாறிடுச்சு."

ஸ்கேல் கொஞ்ச நேரம் அந்த வயிற்றைப் பார்த்தாள். "எப்படிடி தோணுது உனக்கு இதெல்லாம்?" என்றாள். குரலில் இருந்தது பாராட்டு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"தெரியலக்கா" என்றாள் சின்னவள். அது உண்மை. அந்த உண்மைதான் இன்னும் கொஞ்சம் வலித்தது. ஸ்கேல் மையைத் தொட்டுக்கொண்டு அடுத்த ஷீட்டை வைத்தாள்.

படம் வெளிவந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு அம்மா இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு போனாள். தியேட்டர் நிறைந்த கூட்டம். ஆடு கிணற்றுமேட்டுக்கு வந்து காலை நீட்டி, அது தன் கால்தானா என்று பார்த்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்திய வரிசையில் ஒரு தாட்டியான மனிதர், "குதிக்காதே, குதிக்காதே" என்று ஆட்டைப் பார்த்துக் கத்தினார். ஸ்கேலும் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் படம் முடிந்து, திரையில் ஓவியர்கள் பெயர் ஓடியது. ஆறு பெயர். ஆறாவது பெயரைக் காட்டி அம்மா பக்கத்துச் சீட்டுப் பெண்மணியிடம், "என் பொண்ணு" என்றாள். மை போட்டவர்கள் பெயரைப் போடுகிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது.

அதோடு பொறாமை தீர்ந்துபோயிற்று என்று சொல்ல ஆசைதான். தீரவில்லை. இரண்டு பேரும் மறுபடி பேசிக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், ஒரே சோப்பில் குளித்தார்கள். ஆடு முடிந்த பிறகு ஸ்கேலை யாரும் கழுவும் அறைக்குத் திருப்பி அனுப்பவில்லை, மை அறையிலேயே தங்கிவிட்டாள். ஆனால் மாடியிலிருந்து ஒரு நல்ல கட்டு இறங்கி வரும்போதெல்லாம் ஸ்கேலுக்கு நெஞ்சில் ஒரு சுருக். அதை வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகிக்கொண்டாள். கோட்டில் மட்டும் பிறகு ஒருநாளும் கை வைக்கவில்லை. பொறுப்பாளர் அம்மாள் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு ஸ்கேல்தான் வந்தாள். புதிதாக வரும் பெண் யாராவது கோணலைத் திருத்தியிருந்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "அது கோணலா, பயமான்னு மேல போய் கேட்டுட்டு வா" என்று விரட்டுவாள். பாவம், அந்தப் பெண்கள் படியேறிப் போய், "அக்கா இது பயமான்னு கேக்கச் சொன்னாங்க" என்று திருதிருவென்று நிற்பார்கள்.

சின்னவளை இரண்டு வருஷத்தில் வெளியூரில் ஒரு பெரிய கம்பெனி கொத்திக்கொண்டு போயிற்று. அங்கே மாடி மட்டும் நான்கு இருக்கிறதாம், ஓவியர்கள் அறுபது பேராம். ஆறு மாதம் கழித்து எழுதினாள்: இங்கே மை போடுகிறவர்கள் என் கோட்டைச் சாகடிக்கிறார்கள், பேசி வைத்திருக்கிறேன், நீ புறப்பட்டு வா, நல்ல வேலை, தனி அறை. அம்மா கடிதத்தைக் கேட்டுவிட்டு, "போயேண்டி" என்றாள். ஸ்கேல் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு ஒரு தபால் அட்டையில் எழுதிப் போட்டாள்: "வரவில்லை. உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட அவ்வளவு தூரம் ரயிலில் வர வேண்டுமா? இங்கிருந்தே பட்டுக்கொள்கிறேன்." சின்னவள் அந்த அட்டையைத் தன் மேஜைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டாள் என்று, அவளைப் பார்த்துவிட்டு வந்த கேமராக்காரர் சொன்னார்.

தங்கையின் படம் ஊருக்கு வந்தால் ஸ்கேல் முதல் நாளே போய்விடுவாள். தனியாகத்தான் போவாள். மூக்குக்கண்ணாடி போடுகிற வயது வந்த பிறகும், இரண்டாவது வரிசையில், திரை முழுக்கக் கண்ணில் விழுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தப்பு எங்கே என்று தேடுவாள். கரடி, கொக்கு, கிழட்டு ஓநாய் என்று எதிலும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருமுறை, குரங்கும் முதலையும் பேசிக்கொள்கிற இடத்தில் குரங்கின் வால் மரத்துக்கு வலப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, வெட்டி அடுத்த காட்சிக்குப் போனதும் இடப்பக்கம் தொங்கியது. மறுபடி ஒருமுறை டிக்கெட் வாங்கிப் போய்ச் சரிபார்த்தாள். சந்தேகமே இல்லை. வாயெல்லாம் பல்லாக வெளியே வந்து, எதிர்க் கடையில் நின்று நிதானமாக ஒரு தேநீர் குடித்தாள். பிறகு தபால் அட்டை வாங்கப் புறப்பட்டாள்.